நீலத் தண்ணி

எங்க வீட்டுக்காரர் எலாடியோவுக்கு உடம்புல ஒரு குறையும் கிடையாது. பல்லு கெட்டி, கண்ணு கூர்மை, இந்த வயசுலயும் தென்னை மரம் ஏறி இளநி பறிச்சுப் போடுவார். ஒண்ணே ஒண்ணுதான் அவருக்கு வராது. "இல்லை"ங்கற சொல்லு. அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து எடுக்கணும்னா குறடுதான் வேணும்.

அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? கோஸ்தாரிக்காக்காரங்க எல்லாருமே அப்படித்தான். யாராவது வழி கேட்டா, தெரியலைன்னு சொல்ல மனசு வராது, ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டி விட்டுடுவோம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, போகப்போறதில்லைன்னு தெரிஞ்சே "கண்டிப்பா வந்துடறோம்"னு சொல்லுவோம். கூப்பிட்டவங்களுக்கும் அது தெரியும். மூஞ்சிக்கு நேரா மறுக்கறதுன்னா எங்களுக்கு அறையற மாதிரி. ஆனா இதுல எங்க வீட்டுக்காரர் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவர். யார் எது கேட்டாலும் அவர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "ரொம்ப சந்தோஷமா!" வாய் சக்கரை, கை கருணைக்கிழங்கு.

நெடுஞ்சாலை ஓரமா எங்களுக்கு ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை இருக்கு. பின்னாடி மாந்தோப்பு. கோடை வந்தா கேரவன்ல ஊர் சுத்தறவங்க அந்த மர நிழல்ல வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி தங்குவாங்க, எங்ககிட்ட சாப்பிடுவாங்க, போயிடுவாங்க. அந்த வண்டிக்குள்ளயே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு. கக்கூஸ் உண்டுன்னா அதெல்லாம் எங்கேயாவது போய்ச் சேரணுமில்ல? வண்டியோட வயித்துல ஒரு தொட்டி. அது நிறைஞ்சா கொட்டியாகணும். அவங்க நாட்டுலயெல்லாம் அதுக்குன்னு தனியா இடம் கட்டி வச்சிருக்காங்களாம். எங்க பக்கம் அப்படி ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கு வீடு மண்ணுக்குள்ள ஒரு செப்டிக் டேங்க், அவ்வளவுதான். எங்க வீட்டு டேங்க் இவரோட பெரியப்பா மகன் கட்டினது. ஒரு கோழிக்கூடு அளவுதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் வந்தாலே கொடகொடன்னு பேச ஆரம்பிச்சிடும்.

இந்த லட்சணத்துல, போன கோடையில அர்ஜென்டினாவிலிருந்து ஒஸ்வால்தோன்னு ஒருத்தர் போன்ல குரல் பதிஞ்சு அனுப்பினார். அவரும் அவர் சம்சாரம் நில்தாவும் கேரவன்ல தெக்கேயிருந்து வடக்கே போயிட்டிருக்காங்களாம். எங்க தங்கறது, எங்க தண்ணி பிடிக்கறது, எங்க கொட்டறதுன்னு எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சு வைக்கிற மனுஷன்.

"டோன் எலாடியோ, இப்படிக் கேக்கறதுக்கு மன்னிக்கணும். கழிவுத் தொட்டியைக் காலி பண்ண உங்ககிட்ட இடம் இருக்கா? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டோம். அதுக்குத் தகுந்தாப்ல வழியை மாத்திக்கறோம்."

நான் அடுப்படியிலிருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். இவர் போனை வாய்கிட்ட வச்சுகிட்டு, "ரொம்ப சந்தோஷமா! இது உங்க வீடு மாதிரி! வாங்க வாங்க!"ங்கறார்.

"எங்க கொட்டுவாங்க?"ன்னு கேட்டேன். "உங்க தலையிலயா?"

"வரட்டுமே செனெய்தா. அதுக்குள்ள டேங்க் உறிஞ்சற லாரிக்காரனைக் கூப்பிட்டு நம்ம டேங்கைக் காலி பண்ணிடலாம். இதோ, இப்பவே கூப்பிடறேன்."

எங்க ஊர்ல "இப்பவே"ன்னா என்னன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். நானும் தலையில அடிச்சுகிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டேன்.

அவங்க வந்து சேர்ந்தது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற புனித வாரத்துக்கு முந்தின வாரம். கடுங்கோடை. சில்வண்டுங்க காது கிழியக் கத்திட்டிருந்துச்சு. ஓடையில தண்ணி கணுக்கால் அளவுதான். நில்தா வண்டியை விட்டு இறங்கினதும் என்னைக் கட்டிப் பிடிச்சா, கன்னத்துல முத்தம் கொடுத்தா, அடுத்த வாக்கியமே, "கொட்டற இடம் எங்கே?"ன்னா. ஆளு ஒடிசல், குரல் மட்டும் வெண்கலம். எங்க ஊர்ப் பொம்பளைங்க காபி, மழை, பிள்ளைகுட்டின்னு சுத்தி வளைச்சுதான் விஷயத்துக்கு வருவோம். இவ வாசப்படியிலயே விஷயத்தைப் போட்டு உடைக்கிறா.

"முதல்ல ஒரு காபி!"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

காபி ஆச்சு. சாப்பாடு ஆச்சு. மறுநாள் காலையில ஒஸ்வால்தோ கேட்டார். "லாரிக்காரன் மத்தியானம் வர்றான்"னார் இவர். மத்தியானம் கேட்டார். "டயர் பஞ்சராம், நாளைக்கு வந்துடுவான்"னார். லாரிக்காரனை இவர் கூப்பிட்டதென்னவோ நிஜம். புனித வாரம் முடியற வரைக்கும் கடற்கரை ஓட்டல்களுக்கே நேரமில்லைன்னு அவன் சொல்லிட்டதும் நிஜம். அதை அவங்ககிட்ட சொல்றதுதான் இவரால ஆகலை. ரெண்டு பேரையும் தோப்புல உக்கார வச்சு தண்ணி காட்டிட்டிருந்தார்.

ஒருநாள் நான் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தப்ப நில்தா பக்கத்துல வந்து நின்னா. கையில அந்த மாத்தே குடுவை. எந்நேரமும் அந்தக் கசப்புத் தழைத் தண்ணியை உறிஞ்சிட்டே இருப்பா.

"செனெய்தா, பொம்பளைக்குப் பொம்பளை கேக்கறேன். இடம் இருக்கா, இல்லையா?"

"எலாடியோ பாத்துட்டுதான் இருக்காரு."

"எலாடியோவைக் கேக்கலை. உன்னைக் கேக்கறேன். தொட்டி கழுத்து வரைக்கும் வந்தாச்சு. நான் அடக்கிகிட்டு உங்க கடைக் கக்கூஸுக்கு ஓடிட்டிருக்கேன். ஒஸ்வால்தோவுக்கு அடக்கவும் தெரியாது. இல்லைன்னு சொல்லிடு, நாங்க இப்பவே கிளம்பிடறோம். மலையடிவாரத்துல ஒரு பெட்ரோல் பங்க்காரர் கொட்ட விடறாராம். எனக்கு ஒரு கோபமும் கிடையாது."

தங்கமான பொம்பளை. கதவைத் திறந்து பிடிச்சுகிட்டு நிக்கிறா, நான் வெளியே ஒரு காலை வச்சா போதும். என்னமோ, புருஷன் வாக்குக் கொடுத்திருக்கார், நான் இல்லைன்னு சொன்னா அவர் மூஞ்சியில கரி பூசின மாதிரி ஆயிடுமேன்னு தோணிச்சு. புருஷன் வாய்க்குக் குறடு வேணும்னு கிண்டல் பண்றவ நான். என் வாய்க்கும் அதே குறடு வேணும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

"இருக்கும் நில்தா. கொஞ்சம் பொறு"ன்னேன்.

மறுநாள் நான் சந்தைக்குப் போனேன். புனித வாரத்துக்கு சிவெரே வாங்கணும். சிவெரேன்னா பூசணி மாதிரி ஒரு பெரிய காய். அதைச் சுட்டு, உலர்த்தி, வெல்லப்பாகுல கிண்டி, அந்த இனிப்பை மாவுக்குள்ள வச்சு சோமாசி மாதிரி மடிச்சுச் சுடுவோம். பெரிய வெள்ளிக்கு அது இல்லாத வீடு கிடையாது. ஒருத்தர் வீட்டுலருந்து ஒருத்தர் வீட்டுக்குத் தட்டு போகும், வரும். காயைத் தோள்ல சுமந்துகிட்டு பஸ்ஸை விட்டு இறங்கறேன், தோப்புல ஒரே சிரிப்புச் சத்தம். ஒஸ்வால்தோ ரப்பர் குழாயைச் சுருட்டிட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர் இடுப்புல கையை வச்சுகிட்டு, ஊருக்கே அணை கட்டினவர் மாதிரி நிக்கிறார்.

"முடிஞ்சுது செனெய்தா! சுத்தமா காலி!"ன்னு நில்தா கத்தினா. "உன் புருஷன் ராஜா! பஞ்சாயத்துக் கழிவுக் கால்வாய் மூடியை அவரே கடப்பாரை போட்டு நெம்பித் திறந்து கொடுத்தாரு!"

எங்க ஊர்ல பஞ்சாயத்துக் கழிவுக் கால்வாய்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ரோட்டோரம் இருக்கறது மழைத்தண்ணி ஓடற கால்வாய். அந்த மூடிக்குச் சிமெண்ட் குழைச்சவங்கள்ல இவரும் ஒருத்தர். அது நேரா ஓடையில போய் விழும். ஓடையிலிருந்துதான் கீழே ஓடிலியோட மீன் குளத்துக்குத் தண்ணி போகுது.

ஓடிலியைப் பத்திச் சொல்லணும். என் மகளுக்கு ஞானத்தாய். எனக்கு அவ கொமாத்ரே, அவளுக்கு நான் கொமாத்ரே, எங்க வீட்டுக்காரர் கொம்பாத்ரே. கூடப் பொறந்தவளை விட ஒசத்தியான உறவு அது. புருஷன் போனப்புறம் ரெண்டு குளம் வெட்டி ஜிலேபி மீன் வளர்க்கிறா. வருஷம் முழுக்க தீனி போட்டு வளர்க்கிறதெல்லாம் இந்த ஒரு வாரத்துக்காகத்தான். புனித வாரத்துல யாரும் இறைச்சி தொடமாட்டோம், ஊரே அவ வாசல்ல மீனுக்கு நிக்கும். அந்த வருமானத்துலதான் மழைக்கு முன்னாடி கூரைத் தகடு மாத்தப்போறதா சொல்லிட்டிருந்தா. போன மழையில அவ வீட்டுக்குள்ள குடை பிடிச்சுகிட்டுச் சமைச்சதை என் கண்ணால பாத்தேன்.

இவரை அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போனேன்.

"அது எங்க போகும்னு தெரியாதா உங்களுக்கு?"

"கோடை செனெய்தா. மண்ணு காய்ஞ்சு கெடக்கு. போற வழியிலயே உறிஞ்சிடும், ஓடை வரைக்கும் போகாது."

"போனா?"

"போகாதுங்கறேன்ல. சத்தம் போடாதீங்க, அவங்க காதுல விழும்."

நான் ரோட்டைத் தாண்டி கால்வாயை எட்டிப் பாத்தேன். நாத்தம் மூக்கைப் பொளந்துச்சு. தண்ணி ஓடிட்டுதான் இருந்துச்சு. நீலம்னா நீலம், துணிக்குப் போடற நீலம் மாதிரி. நாத்தம் தெரியாம இருக்க அந்தத் தொட்டியில ஏதோ மருந்து ஊத்துவாங்களாம். அந்த நீலத் தண்ணி சிமெண்ட்டுல வழுக்கிகிட்டு, ஒரு அவசரமும் இல்லாம ஓடை பக்கம் போயிட்டிருந்துச்சு.

ஓடிலி வீடு அங்கேருந்து கூப்பிடு தூரம்தான். ஓடிப்போய் "கொமாத்ரே, மதகுப் பலகையை இறக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரு பலகை. அவ ஏன்னு கேப்பா. நான் சொல்லணும். புருஷன் மானம் போகும். வந்தவங்க மானமும் போகும். அப்படி யோசிச்சுகிட்டு நின்னப்பவே நில்தா பின்னாடியிலிருந்து கூப்பிட்டுட்டா. கிளம்பறாங்களாம், போட்டோ எடுக்கணுமாம். திரும்பிப் போனேன். கட்டிப் பிடிச்சா. சிரிக்கச் சொன்னா. சிரிச்சேன்.

கேரவன் தூசியைக் கிளப்பிட்டுப் போச்சு. அப்பவாவது ஓடியிருக்கலாம். மண்ணு உறிஞ்சிடும்னு அவர் சொன்னதை நானும் நம்ப ஆரம்பிச்சிருந்தேன். நமக்கு எது தோதோ அதை நம்பறதுக்கு என்ன கஷ்டம்?

மறுநாள் விடிஞ்சதும் ஊர் ஓடிலி குளத்தங்கரையில நின்னுச்சு. குளம் முழுக்க வெள்ளை வயிறு. ஒரு மீன் அசையலை. ஓடிலி செருப்பில்லாம கரையில உக்காந்து, வலையால அள்ளி அள்ளி ஒரு பக்கமாப் போட்டுட்டிருந்தா. அழலை. யாரோ காபி கொண்டுவந்து கொடுத்தாங்க, "நன்றி"ன்னு வாங்கிப் பக்கத்துல வச்சா.

"வெக்கையா இருக்கும்"னா என்னைப் பாத்து. "தண்ணி கம்மி இல்லையா கொமாத்ரே. ஆனா மதகுகிட்ட ஒரு மாதிரி நீலமா நுரை இருந்துச்சு. மேல அன்னாசித் தோட்டத்துல மருந்து அடிச்சிருப்பாங்களோ?"

நான் குனிஞ்சு ஒரு மீனை எடுத்து அவ குவிச்ச பக்கம் போட்டேன். பின்னாடியிலிருந்து எங்க வீட்டுக்காரர் குரல் வருது: "அவனுங்களேதான் கொமாத்ரே! அந்த அன்னாசிக்காரனுங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது!" மம்முட்டியைத் தோள்ல போட்டுகிட்டு வந்து நிக்கிறார். மீனைப் புதைக்கக் குழி வெட்டினார். மத்த ஆம்பளைங்க களைச்சு உக்காந்தப்பவும் இவர் நிறுத்தலை. வேர்வை சொட்டச் சொட்ட வெட்டினார். முடிஞ்சதும் ஓடிலி வந்து அவர் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டு, "கொம்பாத்ரே, நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்"னா.

பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு எனக்கு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரொம்ப சந்தோஷமா"ன்னார். பழக்க தோஷம், வாயிலருந்து தானா வந்துடுச்சு. சொன்னப்புறம்தான் அவர் மூஞ்சி செத்துப்போச்சு.

வீட்டுக்கு வந்து நான் ஆடின ஆட்டத்துக்குக் கூரை பறந்திருக்கணும்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? கொன்னவனே குழி வெட்டி, அதுக்கு நன்றியும் வாங்கிட்டு வர்றியே!" கல்யாணம் ஆனதிலிருந்து நாங்க ஒருத்தரையொருத்தர் நீங்க, வாங்கன்னுதான் பேசிக்குவோம். அன்னிக்கு அது காத்துல போச்சு.

அவர் கட்டில்ல உக்காந்து தரையைப் பாத்துட்டிருந்தார். "சொன்னா மீன் எழுந்திரிச்சுடுமா?"

"எழுந்திரிக்காது. அவளுக்காவது யார்மேல கோபப்படறதுன்னு தெரியும்."

"நீ பாத்தேல்ல, தண்ணி ஓடினதை? நீ போய்ச் சொன்னியா?"

இடிச்ச புளி மாதிரி நின்னேன். வெட்கத்துக்கு ஒரு குணம் இருக்கு. தனியா இருந்தா பல்லைக் கடிச்சுத் தாங்கிக்கலாம், இன்னொருத்தர் கண்ணு அதைக் கண்டுடுச்சுன்னா உக்காரவும் விடாது, நிக்கவும் விடாது. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, எங்க வீட்டுல அதான் நடந்துச்சு. நான் சிவெரேயைக் கிண்டினேன், கிண்டினேன், அடிபிடிச்சுப் போற வரைக்கும் கிண்டினேன்.

பெரிய வியாழன் அன்னிக்கு ஓடிலி வந்தா. கையில துணி போட்டு மூடின தட்டு. சிவெரே சோமாசி, இன்னும் சூடா இருந்துச்சு. மீன் போய், கூரை போய், அந்தத் துக்கத்துலயும் எங்களுக்குன்னு சுட்டு எடுத்துட்டு வந்திருக்கா.

"இந்த வருஷம் மீன் இல்லை, சோமாசியாவது இருக்கட்டும்"னு சிரிச்சா. "கொம்பாத்ரேக்குப் பிடிக்கும்ல. பாவம், அன்னிக்கு இடுப்பு ஒடிய வெட்டினாரு."

தட்டை வாங்கினேன். சூடு துணி வழியா கையில ஏறிச்சு. காபி போட உள்ளே திரும்பினேன். இன்னிக்குச் சொல்லிடணும், காபி ஊத்தினதும் சொல்லிடணும்னு மனசுக்குள்ள ஓடுது. அதுக்குள்ள வெளியே ஹாரன் சத்தம். ஒரு கேரவன் தோப்புல வந்து நின்னுச்சு. வெயில்ல மூக்குச் சிவந்த ஒரு ஜெர்மன் ஜோடி. எங்க மொழி அரைகுறைதான். அந்தப் பொண்ணு நேரா வாசல் மேசையில உக்காந்திருந்த ஓடிலிகிட்டப் போய், போனை நீட்டி, "நல்ல அம்மா, இது எங்கே? தொட்டி... கொட்ட?"ன்னு கேட்டா.

ஓடிலி கண்ணாடியை மாட்டிகிட்டுப் பாத்தா. நானும் அவ தோளுக்கு மேலாலப் பாத்தேன். கேரவன்ல போறவங்க ஒருத்தருக்கொருத்தர் குறிப்பு எழுதி வைக்கிற ஒரு வரைபடம் போன்ல உண்டு. அதுல நில்தா எங்க இடத்தைப் போட்டிருந்தா. நல்ல மனசோட போட்டிருந்தா. "இந்தச் சாலையிலேயே கொட்டறதுக்குச் சிறந்த இடம். டோன் எலாடியோ தானே வந்து திறந்து கொடுப்பார்"னு எழுதி, கூடவே ஒரு போட்டோ. கடப்பாரையோட எங்க வீட்டுக்காரர், வாயெல்லாம் பல்லு. பக்கத்துல திறந்த மூடி. மூடிக்குள்ள நீலம்.

ஓடிலி அதையே பாத்துட்டிருந்தா. அந்தப் பொண்ணு ஒண்ணும் புரியாம சிரிச்சிட்டு நின்னுச்சு. சத்தம் கேட்டு எங்க வீட்டுக்காரர் கையைத் துடைச்சுகிட்டே வெளியே வந்தார். கேரவனைப் பாத்தார். ஓடிலியைக் கவனிக்கலை. வாய் தானா திறந்துச்சு.

"ரொம்ப சந்..."

"இல்லை!"ன்னேன்.

நான் கத்தின கத்துல சில்வண்டுகூட ஒரு நிமிஷம் வாயை மூடிகிச்சு. "இங்க கொட்டற இடம் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. அது மழைத்தண்ணிக் கால்வாய். ஓடைக்குப் போகுது. இவ குளத்துக்குப் போகுது." அந்தப் பொண்ணுகிட்டப் பேச ஆரம்பிச்சேன், முடிச்சது ஓடிலியைப் பாத்து. "கொமாத்ரே, அன்னாசித் தோட்டம் இல்லை. நாங்கதான். நான் பாத்தேன். அந்த நீலத் தண்ணி ஓடறதைப் பாத்துட்டும் உன்கிட்ட வரலை. பலகையை இறக்குன்னு சொல்ல வரலை."

திட்டுவான்னு எதிர்பாத்தேன். அறைஞ்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஓடிலி கண்ணாடியைக் கழட்டி, பாவாடையில துடைச்சு, கூட்டுக்குள்ள வச்சா. போனை அந்தப் பொண்ணுகிட்டப் பத்திரமா திருப்பிக் கொடுத்தா. எங்க வீட்டுக்காரரை ஏறிட்டுப் பாத்தா.

"நல்லா விழுந்திருக்கீங்க போட்டோவுல"ன்னா. அப்புறம், "அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்"னு எழுந்து போயிட்டா.

அவ வீட்டுல பசு கிடையாது. பாலும் வாங்கறதில்லை.

அன்னிக்கு சாயங்காலம் நில்தாவுக்குக் குரல் பதிஞ்சு அனுப்பினேன். எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணையும் மறைக்கலை. அவ பதில் வந்தப்ப எங்க வீட்டுக்காரரும் பக்கத்துல இருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டோம்.

"நான் கேட்டேனே செனெய்தா! உன் மூஞ்சியைப் பாத்துக் கேட்டேனே! இல்லைன்னு ஒரு வார்த்தை. எனக்கு என்ன குறைஞ்சிருக்கும்? இப்ப என் கையாலேயே ஒரு பொம்பளையோட மீனைக் கொல்ல வச்சிருக்கீங்க! இதை மரியாதைன்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்?" அதுக்கப்புறம் மூக்கை உறிஞ்சற சத்தம். "அந்தக் குறிப்பை எடுத்துட்டேன். ஒஸ்வால்தோ சாப்பிடலை. அந்தம்மாகிட்ட நாங்க மன்னிப்புக் கேட்டோம்னு சொல்லு. இல்லை, வேண்டாம், நீ ஒண்ணும் சொல்லாதே."

நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரின்னு சொல்லுவாங்களே, அதுதான். எங்க வீட்டுக்காரர் எழுந்து போய், சிமெண்ட் குழைச்சு, அந்த மூடியைச் சுத்தி அடைச்சுப் பூசிட்டு வந்தார். கையெல்லாம் சிமெண்ட்டோட படியில உக்காந்து குழந்தை மாதிரி அழுதார். நான் தேத்தலை. என்னைத் தேத்தவே ஆளில்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்சதும் தட்டைத் திருப்பிக் கொடுக்கணும். எங்க ஊர்ல வாங்கின தட்டை வெறுமனே கொடுக்கமாட்டோம். புதுசா ஒரு சிவெரே வாங்கி, இந்தத் தடவை அடிபிடிக்காம கிண்டி, சோமாசி சுட்டு அடுக்கினேன். எங்க வீட்டுக்காரர் நகரத்துக்குப் போய் கூரைத் தகடு வாங்கிட்டு வந்தார். எங்க கடைக்கு முன்பக்கம் நீட்டறதுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த பணமெல்லாம் அதுல போச்சு, போகட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து போனோம்.

ஓடிலி வாசலுக்கு வந்தா. காய்ஞ்ச குளம் ரெண்டும் அவ பின்னாடி வாயைப் பிளந்துகிட்டுக் கெடந்துச்சு. தட்டை ரெண்டு கையாலயும் வாங்கினா.

"நன்றி, டோன்யா செனெய்தா."

டோன்யா. ஆம்பளைன்னா டோன், பொம்பளைன்னா டோன்யா, தெருவுல போற யாரையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம். என் மக ஞானஸ்நானத்தன்னிக்கு கோயில் வாசல்ல ஆரம்பிச்ச கொமாத்ரே, அந்த வாசப்படியில முடிஞ்சுபோச்சு. குரல்ல கோபம் துளிகூட இல்லை. மோர் மாதிரி குளுமையா இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் தொப்பியைக் கையில பிடிச்சுகிட்டு, "தகடு வாங்கியாச்சு. நானே வந்து மாட்டித் தந்துடறேன். மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம். எப்ப வரட்டும்?"ன்னார்.

ஓடிலி சிரிச்சா. நல்லாவே சிரிச்சா.

"ரொம்ப சந்தோஷமா, டோன் எலாடியோ. எப்ப வேணும்னாலும் வாங்க. இது உங்க வீடு மாதிரி."

அவர் அங்கேயே நின்னார். வாழ்க்கை முழுக்க எத்தனை பேருக்கு அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினவர். அதுக்கு அர்த்தம் என்னன்னு இந்த ஊர்ல அவரை விட யாருக்குத் தெரியும்? மெதுவா தொப்பியைத் தலையில வச்சுகிட்டுத் திரும்பினார். நானும் பின்னாலயே வந்தேன்.

மே மாசம் மழை பிடிச்சுகிச்சு. ஓடிலி கூரைமேல நீல பிளாஸ்டிக் பாயை விரிச்சு, கல்லு வச்சிருக்கா. எங்க கடையிலிருந்து பாத்தா தெரியும். தகடெல்லாம் தோப்புல மாமரத்துல சாஞ்சு நிக்குது. மழை பெய்யறப்பல்லாம் அதுமேல தடதடன்னு விழற சத்தத்துல கடையில ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. உள்ளே எடுத்து வைங்கன்னு நான் இன்னும் அவர்கிட்ட சொல்லலை.